கரைக்கு வந்த களை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடையைத் திருத்தப் போகும் கூட்டத்துக்கு வேலம்மைதான் குரு. மற்ற நாளெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். சீடர்களில் மூத்தவர் உச்சிமாகாளி. குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். வாழைத்தார் மண்டி வைத்திருந்தார். தாரைத் தொடாமலே விலையைப் பாதியாக்குகிற வாய் அவருக்கு.

அவர் சீடரானதே ஒரு சண்டையில்தான்.

"யாரைக் கேட்டு இந்த முள்ளை ரோட்டுல போட்டீங்க, தங்கச்சி? என் லாரி எப்படிப் போகும்?"

"ஒரு கை பிடிங்க அண்ணாச்சி, போயிரும்."

பிடித்தார். லாரி போய்விட்டது. அவர் போகவில்லை.

படித்துறையை ஒட்டிய கரையை குரு அவருக்குக் கொடுத்தாள். ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. உள்ளே பாட்டில், கிழிந்த மெத்தை, எந்தக் கல்யாணத்திலோ மிஞ்சிய எச்சில் தட்டுகள்.

சீடர் கேட்டார். "இந்தக் களையெடுப்பு எப்போ முடியும்?"

"தெரியாது அண்ணாச்சி."

"தோராயமா சொல்லுங்க. ஆடிப் பெருக்கு?"

"தெரியாது."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆவணி பிறக்கட்டும்."

குரு சிரித்தாள். "ஓடைகிட்டயே பேசிப் பாருங்க. படிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

உச்சிமாகாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே டீக்கடையில் நின்று, நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"இந்த ஆடிப் பெருக்குக்கு நம்ம தெரு மொத்தமும் படித்துறைக் கரையில உக்காந்துதான் சோறு திங்கும். அங்க ஒரு களை இருக்காது. தெரு உக்கார இடமில்லைன்னா என் மீசையை எடுத்துருதேன்."

டீக்கடை கோமதிநாயகம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். "மீசையையா? பிறகு மண்டியில உமக்கு எவன்வே பயப்படுவான்?"

நியாயமான கேள்வி. முதலாளிக்குக் கோபமா இல்லையா என்று லோடுமேன்கள் அந்த மீசையின் நுனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அதன்பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மண்டி வேலை முடிந்ததும் நேரே ஓடைக்கு வந்தார். உண்ணிச்செடியை வேரோடு பறித்தார். கை கிழிந்தது. மனைவி சண்பகவடிவு மஞ்சள் பூசிவிட்டுத் திட்டினாள், திட்டிக்கொண்டே கூட வந்து தானும் பறித்தாள். ஆனி பாதியில் கரை வெறும் செம்மண்ணாக, மொட்டைத் தலைபோல் பளிச்சென்று இருந்தது. உச்சிமாகாளி மீசையை முறுக்கிக்கொண்டார். நாலு ஞாயிறு மண்டியில் சீசன் வியாபாரம். ஓடைப் பக்கம் வரவில்லை.

மலையில் சாரல் பிடித்தது. ஓடையில் தண்ணீர் வந்தது.

ஆடிப் பெருக்குக்கு முந்தைய நாள் காலை குருவிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, உங்க கரைக்குக் களை வந்துட்டு! நீங்க வந்து..."

மீதியைக் கேட்க அவர் நிற்கவில்லை. தார் இறக்கிக்கொண்டிருந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

கரை முழுக்கச் சாண் உயரத்துக்குப் பச்சை. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் சிவந்தது.

"என்கிட்டயா? உச்சிமாகாளிகிட்டயா?" செடிகளைத் திட்டிக்கொண்டே பிடுங்கினார். ஆட்களும் பிடுங்கினார்கள். மத்தியானத்துக்குள் கரை மறுபடி செம்மண்.

கடையைப் பூட்டிவிட்டு குரு வந்தாள். கரையைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"களை."

"புங்கன்." இன்னொன்றை எடுத்தாள். "இது?"

"களைதான்."

"நொச்சி."

மூன்றாவதையும் எடுத்தாள்.

"இது மருது. தண்ணியோட வந்த விதை. நாங்க யாரும் நடலை. நீங்க இடம் விட்டீங்க, அதுவா வந்துட்டு."

"நீங்கதான தங்கச்சி களை வந்துட்டுன்னீங்க!"

"ஆமா. கல்யாணம் நிச்சயமான பிள்ளை முகத்துக்கு வரும்லா, அந்தக் களை."

லோடுமேன் இசக்கி தலையைச் சொறிந்தான். "அப்போ மொதலாளி, நாம பிடுங்குனது எந்தக் களை?"

"வாயை மூடுல."

உச்சிமாகாளி குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது பிழைக்குமா, தங்கச்சி?"

"வேர்ல மண்ணு இருக்கு, சாரலும் இருக்கு. உடனே நட்டா பாதி பிழைக்கும்."

"முக்கால்?"

"பாதி அண்ணாச்சி."

"சரி, பாதி" என்றார். சொன்ன விலைக்கே அவர் ஒத்துக்கொண்டதை லோடுமேன்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

இருட்டும் வரை நட்டார்கள். முடியவில்லை.

மறுநாள் பெருக்கு. தெரு மொத்தமும் வந்தது. தூக்குச்சட்டிகளில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். கரையில் உட்கார ஒரு முழம் இடமில்லை. எங்கும் சேறு, சேற்றில் கன்றுகள். நடுவில் முழங்கால் புதைய நின்று உச்சிமாகாளி கத்திக்கொண்டிருந்தார்.

"யாரும் கால் வைக்காதீங்க! ஏல, தள்ளு! அது மருது!"

"என்னவே, கரையில உக்காந்து சோறு திங்கலாம்னீரு?" என்றார் கோமதிநாயகம்.

"திங்க முடியாது. நான் தோத்துட்டேன். இப்போ வழியை விடும், கன்னு வாடுது."

சண்பகவடிவு சட்டியைப் படியில் வைத்தாள். பெருக்குக்கு எடுத்த புதுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி இறங்கினாள். பிறகு யார் இறங்கினார்கள், யார் இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள். பசி வந்தபோது கையெல்லாம் சேறு. சேறாகாத கைக்காரர்கள் படியில் நின்று சேறான கைக்காரர்களுக்கு ஊட்டிவிட்டார்கள். உச்சிமாகாளிக்கு ஊட்டியது கோமதிநாயகம்.

"வாயை நல்லாத் திறயும். வியாபாரத்துல மட்டும் ஊருக்கே கேக்குறாப்புல திறக்கத் தெரியுதுல்லா?"

கடைசிக் கன்றை நட்டுவிட்டு சீடர் வந்து படியில் உட்கார்ந்தார். தெருவில் சலூன் வைத்திருக்கும் நாறும்பூவைக் கூப்பிட்டார்.

"எடுத்துரு."

"விடும்வே, விளையாட்டுக்குச் சொன்னது" என்றார் கோமதிநாயகம்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை."

நாறும்பூ வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தியோடு வந்தார். ஓடைத் தண்ணீரைத் தொட்டுத் தடவி இரண்டே இழுப்பு. சண்பகவடிவு கணவர் முகத்தைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"ஐயோ, முகத்துல இருந்த களையே போயிட்டே!"

முதலில் இசக்கிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்து லோடுமேன்கள், பெண்கள், நாறும்பூ, மொத்தப் படித்துறையும். உச்சிமாகாளி எல்லோரையும் முறைத்தார். மீசையில்லாத முறைப்பு. அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் குருவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பிடுங்க வேண்டியதுக்கும் களைன்னுதான் பேரு. இருக்க வேண்டியதுக்கும் களைன்னுதான் பேரு. மனுஷன் எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

குரு வாயிலிருந்த சோற்றை மென்று முடித்தாள்.

"முதல்ல குனிஞ்சு பாருங்க, அண்ணாச்சி. பேரு பிறகு வைக்கலாம்."