அந்த ஊர்ப் புழு

சேந்தன் உப்பு வணிகன். அறுபது வயதுவரை எருதுகளின் முதுகில் உப்பேற்றி ஊர் ஊராக நடந்தவன். அவன் சீடனானபோது தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு நாற்பது வயதுதான். பெயர் அருமதி. சமணத்தில் பெண் குருவைக் குரத்தி என்பார்கள். அந்த மலைக்குகையில் கற்படுக்கைகள் பதினாறு இருந்தன. படுப்பதற்கு அருமதிக் குரத்தி ஒருவர்தான் மிச்சம்.

மற்றவர்கள் போய்விட்டதற்குக் காரணம் உண்டு. மலையடிவாரத்தில் ஒரு சமணப் பள்ளி இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஊரார் அதைக் கொளுத்தினார்கள். ஏடு எழுதக் கற்றுக்கொண்டிருந்த ஒருவன் உள்ளேயே செத்துப்போனான். அவன் பெயர் ஆதன். சேந்தனுக்கு ஒரே பிள்ளை.

பிள்ளையின் சாம்பலை வாங்கிப்போக வந்த சேந்தன் திரும்பிப் போகவில்லை. எருதுகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு மலையேறினான்.

அந்தக் காலத்தில் அரசன் எந்தச் சாமியைக் கும்பிட்டானோ அந்தச் சாமிக்கு ஊரும் மாறிக்கொண்டிருந்தது. அடிவாரத்து ஊர் சிவனிடம் போய்விட்டது. மலையில் இருப்பவர்களைக் கண்டால் ஊரார் தலைமுழுகினார்கள். நீறு பூசிய நெற்றியைக் கண்டால் மலையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்பைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பாடி வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

குரத்தி நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் குடிப்பார். அதுவும் உச்சிவேளையில். சோறிடக் கிழக்கே ஐந்தாறு வீடுகள் இன்னும் இருந்தன. கோடையில் மலைச்சுனை வற்றிவிட்டால் தண்ணீருக்கு அந்த ஊர்க் கிணறுதான் கதி. விடியும்போது ஆள் நடமாட்டம் தொடங்குமுன் சேந்தன் இறங்கி, இரண்டு குடம் மொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே மேலே வருவான். மேலே வந்துதான் வடிகட்டுவான்.

வடிகட்டுவது பெரிய வேலையில்லை. வடித்தபின் செய்வதுதான் வேலை. துணியை உதறிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் தங்கியிருக்கும். துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே ஊற்றி, ஒரு சின்னச் செம்பில் அலசி எடுக்க வேண்டும். அந்தச் செம்பை அதே கிணற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தண்ணீரில் பிறந்த உயிர் இன்னொரு தண்ணீரில் பிழைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. மேலிருந்து கொட்டவும் கூடாது. செம்பின் வாயில் ஒரு கயிறும் அடியில் ஒரு கயிறும் கட்டி இறக்குவார்கள். நீரைத் தொட்டபின் அடிக்கயிற்றை இழுத்தால் செம்பு மெல்லக் கவிழும்.

இந்தக் கயிற்றுச் செம்புதான் வினையாகப் போயிற்று. பள்ளி எரிந்த வருடம் ஊரில் காய்ச்சல் வந்து ஏழு குழந்தைகள் செத்தன. பள்ளிக்காரர்கள் தினமும் கிணற்றுக்குள் எதையோ இறக்குகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். விஷம் என்றார் ஒருவர். மந்திரம் என்றார் இன்னொருவர். சாயங்காலம் தீ வைத்துவிட்டார்கள்.

வைகாசிப் பௌர்ணமியன்று சேந்தன் துறவு ஏற்பதாக இருந்தது. இன்னும் நான்கு நாள். துறவு ஏற்பவர் எந்த உயிரோடும் தனக்குப் பகை இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சேந்தன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். எருதை அடித்துத் தின்ற புலியோடு பகை இல்லை. வழிமறித்து மண்டையை உடைத்த கள்ளரோடும் பகை இல்லை. ஆனால் அடிவாரத்து ஊரின் பெயர் வந்ததும் நாக்கு புரளவில்லை. பொய் சொல்லித் துறவியாக அவனுக்கு மனமில்லை. மெய்யைச் சொன்னால் துறவியாக முடியாது. திரும்பிப் போக வீடும் இல்லை, போய்ப் பார்க்கப் பிள்ளையும் இல்லை.

அன்று உச்சிவேளையில் குரத்திக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டும்போது கேட்டுவிட்டான்.

"அம்மா, வெறுப்பு மனுஷனோட கூடப் பிறந்ததா?"

குரத்தி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"ஊர்க்காரங்க அவங்க சாமிக்காகக் கொளுத்தினாங்க. நாம நம்ம தர்மத்தைச் சொல்லிக்கிட்டே அவங்களை வெறுக்கிறோம். வெறுப்பு இல்லாத மதம்னு ஒண்ணு எங்கேயாவது இருக்கா? கூடவே பிறந்ததுன்னா, இல்லைன்னு என்னைச் சொல்லச் சொல்றது அநியாயம்."

குரத்தி கிண்ணத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"துணி அலசின தண்ணியை எங்கே விடுறீங்க, பெரியவரே?"

குகை வாசலில் அலசிய செம்பு அப்படியே இருந்தது. குரத்தி அதைப் பார்த்தார். அதற்கப்பால் வெயிலில் காய்ந்த பாறையையும், அதில் தினமும் நீர் ஊற்றி ஊற்றிப் படிந்திருந்த வெள்ளைத் தடத்தையும் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"சித்திரை பிறந்ததிலேர்ந்து."

முழங்கால் வலியைச் சொன்னான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கி ஏற முடியவில்லை என்றான். செம்பும் கயிறுமாக ஊரார் கண்ணில் பட்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்றான். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். குரத்தி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவனைக் கிளறிவிட்டது.

"எல்லாம் அந்த ஊர்ப் புழுதானே அம்மா" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

குரத்தி சிரிக்கவில்லை. "அதுங்க எந்தச் சாமியைக் கும்பிடுதுங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிண்ணத்தைத் தரையில் வைத்து ஓர் ஓலையால் மூடினார். எழுந்து செம்பையும் கயிறுகளையும் எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

சேந்தன் ஓடிப்போய் மறித்தான். வெட்கத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. செம்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். தான் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரைக் குடித்துவிடும்படி வேண்டினான். குரத்தி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் யார் சொல்லியும் அவர் குடிக்கமாட்டார் என்பது சேந்தனுக்குத் தெரியும். உச்சிவேளை தாண்டினால் மறுநாள் உச்சிவரை வறண்ட தொண்டைதான்.

அவன் கீழே இறங்கினான். வழியெல்லாம் அந்த ஊரைத் திட்டிக்கொண்டே இறங்கினான். ஆனால் செம்பு தளும்பாமல் பார்த்துக்கொண்டான். அலசிய நீர் சூடேறிவிடக் கூடாது என்று மேல்துண்டை நனைத்து அதன்மேல் போர்த்தியிருந்தான்.

கிணற்றடியில் ஒருவன் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நக்கன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய நீறு. சேந்தன் அவனைக் கவனியாதவன்போலக் கயிற்றை அவிழ்த்துச் செம்பில் கட்டினான். செம்பு கிணற்று விளிம்பைத் தாண்டுமுன் நக்கன் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"என்னா ஊத்துறே?"

சேந்தன் சொன்னான். துணியில் தங்கியதைச் சொன்னான். ஒரு தண்ணீரில் பிறந்தது இன்னொரு தண்ணீரில் பிழைக்காது என்பதைச் சொன்னான். இவ்வளவு நாளில் இந்த ஊரில் ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. மலையில் யாருமே சொன்னதில்லை. ஊரில் யாரும் கேட்டதுமில்லை.

நக்கன் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். தெளிந்த தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை.

"விஷம் இல்லைன்னா நீயே குடி."

சேந்தன் செம்பைப் பார்த்தான். ஒரு மிடறுதான். குடித்தால் உயிரோடு மலை போய்ச் சேரலாம். குடித்தால் எதைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் இறங்கி வந்தானோ அது வயிற்றுக்குள் செத்துவிடும். குடிக்காவிட்டால் விஷம் என்று அவனே ஒத்துக்கொண்டது போலத்தான். உப்பு வணிகத்தில் எத்தனையோ இக்கட்டுகளைப் பேசிச் சமாளித்தவன். இங்கே பேரத்துக்கு இடமில்லை.

"குடிக்க மாட்டேன். இதுல உயிர் இருக்கு."

நக்கனின் பிடி தளர்ந்தது. அவன் முகம் மாறியதைச் சேந்தன் பார்த்தான். கோபம் என்று நினைத்தான். கோபம் இல்லை.

"அவனும் இதையேதான் சொன்னான்" என்றான் நக்கன்.

"யாரு?"

"பள்ளியில இருந்தானே ஒரு பையன். ஏடு எழுதுறவன். இதே மாதிரி ஒரு செம்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னான். குடிடா, விட்டுர்றோம்னு நான்தான் சொன்னேன். ஊரே நின்னுச்சு. இதுல உயிர் இருக்கு, குடிக்க மாட்டேன்னான். அதுக்கப்புறம்தான் கதவைச் சாத்தினோம்."

சேந்தன் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஆதன் எப்படிச் செத்தான் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. தீயில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்திருந்தான். இந்தக் கிணற்றுப் புழுவுக்காக ஒரு மிடறு குடிக்காமல் நின்றிருக்கிறான் அவன் பிள்ளை. அந்தப் புழுக்களைத்தான் நாற்பது நாளாகத் தகப்பன் சுடுபாறையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. இவன் முன்னால் அழக்கூடாது என்றும் இருந்தது.

"என் பிள்ளை" என்றான்.

எருமை தண்ணீர் குடித்து முடித்துத் தலையை ஆட்டியது.

"தினமும் இந்தத் தண்ணியைத்தானே நீங்க குடிக்கிறீங்க" என்றான் சேந்தன். "இதுல இருக்கறதும் அதுதான். வேற ஒண்ணுமில்லை."

"விஷம் இல்லையா?"

"இல்லை."

"மந்திரம்?"

"இல்லை."

"அப்ப எம்பொண்ணு எதனாலதான் செத்தா?"

ஏழு குழந்தைகளில் ஒன்று இவனுடையது என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு நக்கன் ஒரு பதிலை வைத்திருந்தான். ஒரு செம்பைப் பார்த்துவிட்டு அதையும் பறிகொடுத்துவிட்டு நின்றான்.

நக்கன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஊற்று என்றும் சொல்லவில்லை, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை. சேந்தன் செம்பை இறக்கினான். அது நீரைத் தொட்டதும் அடிக்கயிற்றை மெல்ல இழுத்தான். கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு, அவனிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் மலைப்பாதையில் ஏறினான்.

அவன் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிண்ணம் ஓலை மூடியபடியே இருந்தது. குரத்தியின் உதடுகள் வெடித்திருந்தன. சேந்தன் அவர் காலடியில் உட்கார்ந்து அதுவரை அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தான். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னான்.

"எம்பிள்ளை எதுக்காகச் செத்தான்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"அப்பச் சொல்லியிருந்தா, புழுவாலதான் செத்தான்னு நினைச்சிருப்பீங்க."

அவனால் மறுக்க முடியவில்லை. அப்படித்தான் நினைத்திருப்பான். சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"பௌர்ணமிக்கு என்னால முடியாது அம்மா. அவனைப் பார்த்தேன். அவன் பொண்ணைப் பத்திக் கேட்டதும் நெஞ்சு கலங்குச்சு. அது நிஜம். ஆனா வெறுப்பு போகலை. கதவைச் சாத்தினோம்னு சொன்னானே, அது காதுலயே நிக்குது. மலை ஏறி வரும்போதும் இருந்துச்சு."

"இறங்கும்போது?"

"இருந்துச்சு."

"அவன் கையைப் பிடிச்சப்போ?"

"ரொம்ப இருந்துச்சு."

"செம்பைக் கவிழ்த்தப்போ?"

சேந்தன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அப்பவும் இருந்துச்சு அம்மா" என்றான்.

குரத்தி காலிச் செம்பை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"புழு ஏதாவது செத்துச்சா, பெரியவரே?"