தத்தை முன்னே நடந்த வெள்ளைக்குன்று

சின்னவர்களெல்லாம் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் நின்றாலும் பரவாயில்லை, உங்களுக்குக் காது கேட்கும்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், குன்றுகளெல்லாம் மனிதர் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், வெண்ணாடு என்றொரு நாடு இருந்தது. அதன் நடுவில் வெள்ளைக்குன்று. மேலே பச்சைப் புல். கால்விரலால் கொஞ்சம் கீறினால் போதும், அடியில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக்கல் பல்லைக் காட்டும். ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு முன்னால், ஊரிலுள்ள குடும்பமெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அந்தக் குன்றின் உச்சிக்கு நடந்துபோகும். நடப்பது, சாப்பிடுவது, திரும்புவது. வேறு சடங்கு எதுவும் கிடையாது. அதைவிட நல்ல திருவிழாவை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் திருவிழாவைக் கெடுக்கவென்றே ஒரு மாயாவி வந்து சேர்ந்தான். பெயர் வெண்கோலன். குழந்தைகள் சிரித்தால் அவனுக்குக் காது குடையும். ஒரு கோடையில் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த வெள்ளைக்கோலை ஆட்டினான். மேலே ஓடி வந்த முயல் ஒன்று புல்மேல் வெள்ளைக் கோடாகிவிட்டது. அப்புறம் ஒரு மான். அப்புறம் அரசரின் குதிரை. கீழேயிருந்து பார்த்தால் மூன்றும் சரிவில் படம் படமாகத் தெரிந்தன. ஊரார் பயந்துபோய் வீட்டிலேயே கட்டுச்சோறு கட்டி, வீட்டிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

கடம்பன் மட்டும் பயப்படவில்லை. அவன் அரசரின் அஞ்சலோட்டன். அரசர் சொன்ன சேதி காற்றில் ஆறுவதற்குள் அடுத்த ஊரில் போய்ச் சொல்லிவிடுவான். சாப்பிடுவதும் வேகம், குளிப்பதும் வேகம், கொட்டாவிகூட வேகம்.

"மெதுவாப் போறவங்கதான் அவன்கிட்ட மாட்டுறாங்க. அவன் கோலைத் தூக்குறதுக்குள்ள நாம ஏறி இறங்கிடலாம். கிளம்பு செவந்தி!" என்றான் மனைவியிடம்.

முயல், மான், குதிரை. அந்தப் படத்தில் ஓர் ஆமையாவது உண்டா? கடம்பன் இதை யோசிக்கவில்லை. யோசிக்க நின்றால்தானே!

ஆக, நான்கு பேரும் கிளம்பினார்கள். கடம்பன், புளிச்சோற்று மூட்டையோடு செவந்தி, அப்பனையே உரித்து வைத்த மகன் மருதன், கடைசியாகக் குட்டி மகள் தத்தை. தத்தை மூன்றடி வைத்தால் ஒருமுறை குனிவாள். "இது என்ன?" என்று கேட்பாள்.

"அப்புறம் சொல்றேன், வா, சீக்கிரம்!" என்பான் கடம்பன்.

"அப்புறம் சொல்றேன், வா, சீக்கிரம்!" என்பான் மருதனும். சொல்லிவிட்டு அவன் அப்பனையே முந்திக்கொண்டு ஓடினான். ஒரு வளைவு திரும்பினான். கண்ணுக்கு மறைந்தான்.

கோல் ஆடியது.

அவர்கள் வளைவைத் தாண்டி வந்தபோது மருதன் இல்லை. மேலே, சரிவில், வெள்ளைக் கோட்டில் ஒரு பையன். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். செவந்தி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஐயோ, என் புள்ள!" என்று அலறினாள். அந்த நேரம் பார்த்து முதல் தூறலும் விழுந்தது.

உச்சியிலிருந்து சிரிப்பு கேட்டது. "மழை வந்தாச்சு கடம்பா! இனி புல்லு வளரும். கோட்டைப் புல்லு மூடிட்டா உன் பிள்ளை எனக்கே சொந்தம்!"

அது மாயப்புல். சொல்லி முடிப்பதற்குள் மருதனின் குதிகால் பச்சையாகிவிட்டது.

"நான் போய்த் தூக்கிட்டு வரேன்" என்றான் கடம்பன்.

"போங்க. இன்னொரு ஆளை நான் தொலைக்க மாட்டேன். என் கண்ணு உங்க மேலயேதான் இருக்கும்" என்றாள் செவந்தி. அவள் இமைக்கக்கூட இல்லை.

கடம்பன் ஓடினான். ஓடினான் ஓடினான், மூச்சு முட்ட ஓடினான். நின்று பார்த்தால் பக்கத்தில் செவந்தி. எதிரே குன்றின் அடிவாரத்துப் புளியமரம். அவளும் குழந்தையும் அசையாமலே அங்கே வந்துவிட்டிருந்தார்கள். மருதனின் முழங்கால்வரை புல்.

மறுபடி ஓடினான். இந்தமுறை தத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டான், செவந்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். ஓடினார்கள் ஓடினார்கள், கால் கடுக்க ஓடினார்கள். நின்று பார்த்தால் அதே புளியமரம். மருதனின் இடுப்புவரை புல்.

கடம்பன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நாட்டிலேயே வேகமான கால்கள், பெற்ற பிள்ளைக்கு உதவவில்லையே!

தத்தை தோளிலிருந்து இறங்கினாள். குனிந்தாள். "இது என்ன?" என்றாள்.

"இது என்னவா? நான் நத்தை!" என்றது அது. சின்னக் குரல்தான், ஆனால் கோபம் பெரிசு. "ரெண்டு தடவை என் தலைமேல மிதிக்கப் பார்த்தான் உங்கப்பன். நான் தினம் இந்தக் குன்னுல ஏறி இறங்குறேன். என்னை எவனாவது கோடு போட்டானா?"

கடம்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எப்படி ஏறுறே? எங்களுக்குக் குன்னு திரும்பத் திரும்பக் கீழயே தள்ளுதே!"

"தள்ளாம? இந்தக் குன்னு ஒரு காலத்துல கடலுக்கடியில இருந்துச்சு. பொடிப்பொடிக் கிளிஞ்சலா விழுந்து விழுந்து, மெள்ள மெள்ள உண்டான குன்னு. ஓடி வர்றவங்களைக் கண்டா அதுக்கு ஆகாது. மாயாவிக்கு வேற கணக்கு. வீட்டார் கண்ணுக்குத் தப்பி முன்னால ஓடுறவங்கதான் அவன் கோலுக்கு மாட்டுவாங்க. உங்க கூட்டத்துல ரொம்ப மெதுவா நடக்கிறது யாரு?"

மூவரும் தத்தையைப் பார்த்தார்கள். நத்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம்முறை தத்தை முன்னே நடந்தாள். பின்னால் செவந்தி, அவளுக்குப் பின்னால் கடம்பன். மூன்றடி வைத்தாள், குனிந்தாள். "இது என்ன?"

கடம்பனின் நாக்கு நுனிவரை அந்தப் பழைய "அப்புறம்" வந்துவிட்டது. விழுங்கினான். அவனும் குனிந்தான். "தும்பைப்பூ கண்ணு."

மூன்றடி. "இது என்ன?"

"வண்ணத்துப்பூச்சி. நீலமா இருக்கு பாரு."

மூன்றடி. "இது என்ன?"

"தெரியலையே கண்ணு" என்றான் கடம்பன். எத்தனையோ முறை ஓடிய வழி. ஆனாலும் அங்கே என்ன இருக்கிறதென்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. செவந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

திரும்பிப் பார்த்தார்கள். புளியமரம் எங்கோ கீழே இருந்தது.

ஆனால் மழையும் வலுத்தது. புல் மருதனின் மார்பை மூடியது, கழுத்தை எட்டியது. முகம் மட்டும்தான் பாக்கி. அந்த முகமும் அவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அப்போது பார்த்துத் தத்தை சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பசிக்குது."

புகையாக மாயாவி வந்து கடம்பனின் காதோரம் நின்றான். "ஓடு கடம்பா! இன்னும் நாலே எட்டு. இவ சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள உன் பிள்ளை மூக்கை மூடிடும். நீ ஓட்டக்காரன்தானே? ஓடு!"

கடம்பனின் கால்கள் துடித்தன. நரம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. அவன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். மகளின் முகத்தைப் பார்த்தான். பிறகு, உலகத்திலேயே கடினமான காரியத்தைச் செய்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூட்டையை அவிழு செவந்தி. குழந்தைக்குப் பசிக்குது."

செவந்தி புளிச்சோற்றை உருட்டி மகள் கையில் வைத்தாள். அடியில் குன்று மெல்லப் புரண்டது. தூங்கும் யானை சரிந்து படுப்பதுபோல அவர்களைச் சுமந்துகொண்டு நகர்ந்தது. நகர்ந்து நின்றபோது தத்தையின் மடிக்கு நேரே மருதனின் வெள்ளை வாய் இருந்தது.

தத்தை தன் கையிலிருந்த முதல் உருண்டையை அங்கே நீட்டினாள். "அண்ணா, ஆ காட்டு!"

கோடு வாயைத் திறந்தது.

உருண்டை உள்ளே போனது. கன்னம் உப்பியது, மூக்கு முளைத்தது, புல்லை உதறிக்கொண்டு மருதன் எழுந்து உட்கார்ந்தான். "அம்மா, உப்பு கம்மி" என்றான்.

செவந்தி அவனை அடித்தாள், அணைத்தாள், மறுபடி அடித்தாள். கடம்பன் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதான், சிரித்தான். சரிவில் முயல் துள்ளி எழுந்தது. மான் எழுந்தது. அரசரின் குதிரை எழுந்து கனைத்தது.

மாயாவி பார்த்தான். விட்டால் போதுமென்று சரிவில் தலைதெறிக்க ஓடினான். எல்லாரும் மருதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்கோலனை ஒரு கண்ணும் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த கோல் தானாக ஆடியது. அது வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதில்லை போலிருக்கிறது. இன்றைக்கும் அவன் அந்தச் சரிவில் வெள்ளைக் கோடாகக் கிடக்கிறான். நத்தை தினமும் அவன் மூக்குமேல் ஏறித்தான் இறங்குகிறது.

குதிரை திரும்பி வந்த மகிழ்ச்சியில் அரசர் தத்தைக்குப் பொன்மாலை கொடுத்தார். அதைவிட முக்கியமாக ஓர் ஆணையும் போட்டார். இனி வெள்ளைக்குன்று ஏறும் குடும்பத்தில் கடைக்குட்டிதான் முன்னே நடக்க வேண்டும். அரசரும் தம் பேரனுக்குப் பின்னால்தான் நடந்தார். அரசரின் சேதிகள் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. போகிற வழியில் என்னென்ன பூ பூத்திருக்கிறது என்ற சேதியும் கூடவே வந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நான்கு பேரும் மறுபடி ஏறினார்கள். மருதன் எல்லாருக்கும் பின்னால் வந்தான். பாதி வழியில் தத்தை நின்றாள், குனிந்தாள், எதையோ எடுத்து நீட்டினாள். "இது என்ன?"

வரிசையைத் தாண்டி வந்து, மருதன் அவள் பக்கத்தில் குந்தினான். சுண்ணாம்பில் பதிந்த குட்டிக் கிளிஞ்சல் அது.

"தெரியலை தத்தே. உக்காரு, பார்ப்போம்" என்றான்.

அவர்கள் இன்னும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புளிச்சோறு தீர்ந்தது, நம் கதையும் தீர்ந்தது. மெதுவாக எழுந்திருங்கள், முதலில் சின்னவர்கள்.