கறுக்காத துண்டு

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர் சூசையப்பன். அறுபத்திரண்டு வயதில் அவருக்கு ஒரு ஆசிரியை கிடைத்தார். பெயர் மைமூன், வயது முப்பத்து நாலு. கல்யாண வீடுகளுக்கு டிஜிட்டலில் படம் எடுப்பவர். தனக்காக எடுப்பதை மட்டும் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்து, வீட்டு மாடியில் தானே கழுவிக்கொள்வார். சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுப்பார்.

சூசையப்பன் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று மைமூன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே சூசையப்பன் வந்துவிட்டார். தோளில் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு ஃபிலிம் ரோல்.

அந்த ரோலில் இருந்தது அவருடைய அக்கா. பத்தொன்பது வயதில், வெளியுலகத்தோடு பழகாத கன்னியர் மடம் ஒன்றுக்குள் போனவர். இந்த ஐம்பது வருஷமும் தம்பி அவரைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறார். படம் எடுக்க அனுமதி கிடையாது. பொன்விழா ஆண்டு என்பதால் மடத்துத் தலைவி ஒரே ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தார். மொபைல் கூடாது, பழைய கேமரா என்றால் சரி. முப்பத்தாறு படம். அதில் ஒன்றுக்கு அக்கா சிரித்தும்விட்டார். இனி ஒரு அனுமதி கிடைக்கப்போவதில்லை.

இதற்கு முன் சூசையப்பன் தன் வீட்டில் கழுவிய மூன்று ரோல்களும் வீண்.

"டீச்சர், இதை நீங்களே கழுவிக் குடுத்துருங்க," என்றார்.

மைமூன் ரோலை வாங்கவில்லை. வீணாய்ப்போன மூன்றையும் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படம் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தார். ஃபிலிம் கம்பெனி வெளிச்சத்தால் பதித்து அனுப்பும், கழுவினால் மட்டுமே தெரியும் எண்கள் முதல் ரோலில் மங்கலாகவும், அடுத்ததில் இன்னும் மங்கலாகவும் தெரிந்தன. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

"கேமரா மேல தப்பில்ல சார். இந்த நம்பர் நீங்க எடுத்தது இல்ல. அதுவே வரலன்னா கெமிக்கல்தான்."

சூசையப்பன் பையிலிருந்து தன் குறிப்பு நோட்டை எடுத்துப் பிரித்தார். ஊர்த் தண்ணீரில் உப்பு என்று கேன் தண்ணீருக்கு மாறியது, சூட்டைக் கூட்டியது, நேரத்தை இரட்டிப்பாக்கியது, குலுக்கும் முறையை மாற்றியது, புதுத் தெர்மாமீட்டர் வாங்கியது எல்லாம் தேதி வாரியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. மைமூன் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"டெவலப்பரை மாத்தலியா?"

"அது நானே கலந்தது டீச்சர். தராசு வச்சு நிறுத்துக் கலந்தது."

பைக்குள் இருந்த டெவலப்பர் பாட்டிலை எடுக்கச் சொன்னார் மைமூன். பாதிக்கும் கீழே இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் ஒரு டம்ளரில் ஊற்றி, வெளிச்சம் பட்ட ஃபிலிம் துண்டு ஒன்றை உள்ளே போட்டார். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் நல்லதாக இருந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அது கரியாகக் கறுத்துவிட வேண்டும்.

ஐந்து நிமிஷம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு சாம்பல் நிறத்துக்கு மேல் போகவில்லை.

சூசையப்பனுக்குப் புரிந்துவிட்டது. காலிப் பாதியில் இருந்த காற்று மருந்தைக் கெடுத்துவிட்டது. ஆக்ஸிஜன் எதை எப்படிக் கெடுக்கும் என்று வருஷா வருஷம் பாடம் எடுத்தவர் அவர். இந்தச் சோதனையைப் பற்றியும் படித்திருந்தார். செய்து பார்க்கத் தோன்றவில்லை, தான் கலந்தது என்பதால். காது மடல் சுட்டது. தலையைத் தூக்கவில்லை.

மைமூன் டம்ளரைக் கவிழ்த்துக் கழுவினார். புது டெவலப்பர் கலந்து, அதிலும் ஒரு துண்டைப் போட்டார். அது உடனே கறுத்தது.

வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டு, அக்காவின் ஃபிலிமைச் சுற்றித் தொட்டிக்குள் வைத்து மூடினார் மைமூன். படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் பக்கத்தில் தயாராக இருந்தது. இனி ஊற்ற வேண்டியதுதான் என்று சூசையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மைமூனோ கத்தரியை எடுத்து இன்னொரு துண்டு வெட்டி, ஃபிக்ஸரில் போட்டார்.

"இது காலையில நீங்க கலந்ததுதானே?" என்றார் சூசையப்பன்.

"ஆமா சார்."

பால் நிறத் துண்டு ஒரு நிமிஷத்துக்குள் கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆகியும் பால் தெளியவில்லை. அப்படியே பயன்படுத்தியிருந்தால் படம் கொஞ்ச நாளில் பழுத்துப்போயிருக்கும்.

"தப்பாக் கலந்துருக்கேன்," என்றார் மைமூன். "பிரிண்ட் போடுற பேப்பருக்கு ஊத்துற அளவு தண்ணிய இதுக்கு ஊத்திட்டேன்."

மழை தூறுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி அளந்து கலந்தார். மறுபடி ஒரு துண்டு. நாற்பது நொடியில் தெளிந்தது.

சூசையப்பன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வகுப்பில் அவர் ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டார். ஒரு மாணவி எழுந்து சொன்னாள். நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன் என்று சமாளித்தார். வகுப்பே கைதட்டியது. இருபது வருஷம் ஆகியும் அந்தக் கைதட்டல் மறக்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஃபிலிம் கொடியில் தொங்கியது. ஓரத்து எண்கள் பளிச்சென்று இருந்தன. இருபத்திரண்டாவதுதான் அக்கா சிரித்த படம். நெகடிவில் முகம் கறுப்பு, முக்காடு வெள்ளை. ஆனாலும் அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு மெல்லக் கேட்டார்.

"டீச்சர், நான் பக்கத்துல நிக்கும்போதே தப்பாக் கலந்துட்டேன்னு சொன்னீங்களே. வெட்கமா இல்லியா?"

மைமூன் ஈரக் கையைத் துவாலையில் துடைத்தார்.

"வெட்கப்பட்டேன் சார். ஊத்துறதுக்கு முன்னாடியே பட்டு முடிச்சுட்டேன்."