தண்ணீரில் அமிலம்

ரெஜினா அந்த மேல்நிலைப் பள்ளிக்கு வேதியியல் ஆசிரியையாக வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இதுவரை ஒருமுறைகூட அவள் அமிலப் புட்டியைத் தொட்டதில்லை. கல்லூரியில் படிக்கும்போது, பக்கத்தில் நின்ற தோழி அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அது கொதித்துத் தெறித்தது. தோழிக்கு ஒரு கண் போனது. அன்றிலிருந்து ஆய்வக வாடை பட்டாலே ரெஜினாவுக்குக் கை நடுங்கும்.

அதனால் எல்லாச் சோதனைகளையும் வகுப்பில் வீடியோவாகவே காட்டினாள். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள். கேட்டால் டக்கென்று பதில் சொன்னார்கள்.

ஆய்வக உதவியாளர் மாசிலாமணி இருபத்திரண்டு வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர். பதவியில் கீழே என்றாலும், எதில் சந்தேகம் வந்தாலும் ரெஜினா அவரிடம்தான் போய் நிற்பாள். தன் பயத்தையும் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டாள்.

“அண்ணாச்சி, வீடியோ பார்த்தே பிள்ளைங்க எல்லாம் சரியாச் சொல்லுது. அது போதாதா?”

“நாளைக்கு லேபுக்குக் கூட்டிட்டு வாங்க டீச்சர். பார்ப்போம்.”

மறுநாள் மேசைமேல் ஒரு பீக்கர் இருந்தது. உள்ளே நிறமில்லாத திரவம். வெளியே ‘அடர் கந்தக அமிலம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மக்கில் தண்ணீர்.

ரெஜினா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“அமிலத்தை நீர்க்க வைக்கணும். எதை எதுல ஊத்தணும்?” என்று மாசிலாமணி கேட்டார்.

“தண்ணியில அமிலத்தை! கொஞ்சம் கொஞ்சமா!” முதலில் கத்தியது முத்தரசி. வகுப்பிலேயே கெட்டிக்காரி.

“வா. செய்.”

முத்தரசி சிரித்துக்கொண்டே வந்தாள். தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள். மக்கைத் தூக்கினாள். பீக்கருக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுபோய்த் தண்ணீரைச் சரித்தாள்.

“முத்து!”

எப்படி மேசைக்கு வந்தோம் என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தன் முதுகை மேசைப் பக்கம் கொடுத்து நின்றாள். மக் தரையில் விழுந்து உருண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகு எரியப்போவதற்காகக் காத்திருந்தாள்.

எதுவும் எரியவில்லை.

மாசிலாமணி பீக்கருக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

“தண்ணிதான் டீச்சர்.”

யாரும் சிரிக்கவில்லை. முத்தரசி அழத் தொடங்கினாள். “எனக்குத் தெரியும் டீச்சர்… தெரிஞ்சுதான் இருந்துச்சு…”

பிள்ளைகள் போன பிறகு ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள்.

“இப்படியா செய்வீங்க? என் உயிரே போயிடுச்சு.”

“மன்னிச்சுக்கிடுங்க.” அவர் குனிந்து தரையைத் துடைத்தார்.

உருண்டு கிடந்த மக்கை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “அவளுக்குக் கொஞ்சங்கூடப் பயம் இல்லையே, அண்ணாச்சி.”

“வீடியோவுல யாரும் பயந்து அவ பார்த்ததில்லையே.”

“நான் என்ன செய்யட்டும்?”

“இப்பவும் கை நடுங்குதா?”

“ஆமா.”

“நாளைக்கு அந்தக் கையாலயே செஞ்சு காட்டுங்க டீச்சர்.”