விரை ஏன் வெளியே குடிபோனது

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன். கையில் வேலை இருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது.

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசின? அவற்றின் வயிறும் தோலும்கூட வாய் ஓயாமல் பேசும். அப்போது ஆட்டுச் சாதியில் இருந்ததே ஒரு கிடாவும் ஒரு பெட்டையும்தான். குட்டி தங்கவே இல்லை.

“மாமா, நமக்கப்புறம் இந்தக் கரட்டு மேட்டுல மேய யாரு இருக்கா?” என்று பெட்டை கேட்கும். கிடா தலையைக் குனிந்துகொள்ளும்.

அந்தப் பேச்சு கிடாவின் விரைக்குக் கேட்டது. உயிர்விதை காய்க்கிற இடம் விரைதான். ஆஸ்பத்திரியில் அந்த விதையை விந்தணு என்பார்கள். விரை அப்போது உடம்புக்குள்ளே, வயிற்றை ஒட்டிக் குடியிருந்தது. ராத்திரி பகலாக விதை உண்டாக்கியது. ஆனால் வயிறு அடுப்பு மாதிரி கொதிக்குமே! ஒவ்வொன்றும் பிஞ்சிலேயே கருகிப்போகும்.

“வயித்தண்ணே, சூட்டைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

“குறைச்சா தின்ன புல்லு செரிக்குமா? உனக்குக் காய்க்கத் தெரியலைன்னு சொல்லு. என் மேல ஏன் பழி போடுற?” என்று வயிறு சிரித்தது.

“அப்ப நான் வெளியே போறேன்” என்றது விரை.

வயிற்றுக்குச் சிரிப்பு நின்றுபோனது. “பைத்தியமா உனக்கு? வெளியே முள்ளு இருக்கு, நாய் இருக்கு. விலா எலும்பு மாதிரி வேலி உண்டா அங்கே?”

“இல்லதான். இங்க இருந்தா நான் பத்திரமா இருப்பேன். என் பிள்ளைங்க இருக்காதே.”

சொல்லிவிட்டு நகர்ந்தே விட்டது. இடுக்கில் நுழைந்து, நெளிந்து, பின்னங்கால் நடுவே இறங்கியது. தோலுக்கு மனசு தாங்கவில்லை. “தம்பி, அம்மணமா நிக்காதே. இந்தா, பை தர்றேன். குளிரடிச்சா மேலே இழுத்துக்குவேன், வெயிலடிச்சா தாழ விடுவேன்” என்று மூடிக்கொண்டது.

வெளியே காற்று பட்டதும் விதை கருகவில்லை. ஆனாலும் பிறந்தவுடன் அவை உருண்டையாக, நகரத் தெரியாமல் கிடந்தன. “போகலாமா? போகலாமா?” என்று மட்டும் கேட்டன.

“வால் முளைக்கலை, அதுக்குள்ள பயணமா?” என்று விரை அதட்டியது. வேண்டாத சதையை உதிர்க்க வைத்து, வால் வளரும்வரை காத்திருந்தது. பிறகு தன் முதுகோரம் சுருண்டு கிடந்த நீளமான சந்தில் அனுப்பியது. அதில் மெதுவாக ஊர்ந்து போகப் போகத்தான் அவற்றுக்கு நீந்துகிற வலு வந்தது.

இதற்கிடையே ஒருநாள் கிடா வேலி தாண்டும்போது கருவேல முள் விரையில் குத்திவிட்டது. அது துடித்த துடிப்பை, விரை இறங்கும்போது கூடவே இழுத்து வந்த நரம்புக்கொடி வழியே வயிறும் கேட்டது.

“வலிக்குதாடா? உள்ளே வந்துடு” என்றது வயிறு.

“வர மாட்டேன் அண்ணே.”

“சரி, இந்தக் கொடியை மட்டும் அறுத்துடாதே. உன்னை நக்கலடிச்சேன், தப்புதான். இனிமே உனக்குப் பட்டா எனக்கும் வலிக்கட்டும்.”

அடுத்த மழைக்குப் பெட்டை ரெட்டைக்குட்டி போட்டது. ஈரம் காயாத குட்டிகள் எழுந்து நிற்பதைப் பார்த்து, “மாமா, உங்க விரை உள்ளே சொகமா இருந்திருக்கலாம், நமக்காக வெளியே வந்து நிக்குதே. நல்லா இருக்கணும் அது” என்று கண் கலங்கியது.

அன்று முதல்தான் கிடாவுக்கும் காளைக்கும் மனுஷனுக்கும் விரை உடம்புக்கு வெளியே தொங்குகிறது. அன்று முதல்தான் அதில் லேசாக அடிபட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்கள். நானும் கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்துதான் பிள்ளை பெற்றேன். கோயிலில் கும்பிடும்போது, யாரிடமும் சொல்லாதீர்கள், அதற்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு…

“செண்பகவல்லி! பிள்ளை முழிச்சிருச்சு பாரு!”

இதோ வந்துட்டேன் அத்தை, கையைக் கழுவிட்டு வர்றேன்.