காட்டு வழியில் உம் கொட்டியவள்

ஒரு ஊர்ல ஒரு துரைக்கண்ணு, அவன் பொண்டாட்டி தையல்நாயகி. ராஜா கதை வேணாம்னு அடம் புடிச்சது நீதான், அப்புறம் இந்த அத்தையத் திட்டக் கூடாது. கண்ண மூடு. உம் கொட்டு.

"ம்."

அமெரிக்காவுக்கு அனுப்புறேன்னு ஒரு ஏஜென்ட்டு அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனான். வழியில பனாமான்னு ஒரு தேசம். அங்க பெரிய கால்வாய், கப்பலே படி ஏறுற மாதிரி ஏறி எறங்குமாம். "அந்தக் கரையோட நடந்தா போதும்"னான். காவிரிப் பக்கத்து ஜனம் வாய்க்கால் கரையில நடக்காத ஜனமா? இவங்களும் சரின்னுட்டாங்க. பாவி, கொண்டு போய் விட்டது காட்டுல. வானமே தெரியாத காடு. மழை சோன்னு கொட்டுது.

ஒத்தையடிப் பாதை, இவங்கள மாதிரியே வந்த ஜனம் முன்னாலயும் பின்னாலயும், தலையில மூட்டை. திரும்பிப் பாத்தா வழுக்கி விழணும். அப்போ துரைக்கண்ணு சொன்னான், "தையலு, நான் கதை சொல்லிக்கிட்டே முன்னால போறேன். நீ உம் கொட்டிக்கிட்டே வா. பின்னாலதான் இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"ம்"னா.

மொதல்ல சேறு. சளக் புளக்குன்னு முழங்கால் வரைக்கும். "ம்." அப்புறம் மேடு. வேரைப் புடிச்சு ஏறணும், மூச்சு புஸ்ஸு புஸ்ஸுங்குது. "ம்." அப்புறம் ஆறு. தூங்கிட்டியாடி?

"ம்ஹூம்."

கயித்தப் புடிச்சுத்தான் ஆத்தக் கடக்கணும். தண்ணி ஹோன்னு இரையுது, காதே கேக்கல. கரையேறினா பின்னால வர்ற கூட்டம் நெட்டித் தள்ளுது, நிக்க முடியல. நடந்துக்கிட்டே கேட்டான், "தையலு, வந்துட்டியா?"

"ம்."

அவனுக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் வழி நெடுக, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து வாய் தெறந்து சொல்லாததையெல்லாம் சொன்னான். "நீ இல்லாட்டி நான் செத்தேன் தையலு." "ம்." அழுதுக்கிட்டே சொன்னான், சொல்லிக்கிட்டே நடந்தான்.

கடைசியில காடு முடிஞ்சு ஒரு கிராமம் வந்துச்சு. மூட்டைய எறக்கி வச்சுட்டுத் திரும்பினான். நின்னது வேற யாரோ பொம்பள. வேத்து தேசத்துக்காரி, சேத்துல இருந்தே இவங்க பின்னால வந்தவ. அவளும் தன் ஆளுங்கள எங்கயோ தொலைச்சிருக்கா. இவன் பேச்ச நிறுத்துறப்போ "ம்"னு சொன்னா மேல நடப்பான்னு மட்டும் புரிஞ்சு வச்சிருக்கா, பாவம்.

"என் பொண்டாட்டி எங்கம்மா?"

"ம்"னா. நம்ம பாஷையில அவ கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

"அத்தே, தையலு வந்தாளா?"

வரலடி. ஆத்துக்குத் திரும்பி ஓடினான். கரையில நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. வரல. இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. கதை இதோட சரி. கிட்ட வந்து படு.