வெறும் கல் கிடந்த தொட்டி

பாறையிலும் படகிலும் ஓடோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர் கொட்டலசு. அதன் குஞ்சுக்கு ஆயுளில் ஒரே ஒரு முடிவுதான். கடலில் மிதந்து திரிந்து பாறையிலோ படகிலோ ஒட்டிக்கொண்டதென்றால், சாகும்வரை அங்கேதான். அந்த இடத்தை அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது இசக்கியப்பனின் ஆராய்ச்சி. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காத ஆளில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள்.

அவன் குஞ்சுகளை விட்டுப் பார்க்கும் தொட்டிகளை அமைத்து முடித்த கையோடு அரசாங்க உதவி நின்றுபோனது. தொட்டிகளை மூடினால் பட்டமும் அதோடு போச்சு. அந்த நேரம் பார்த்துக் கப்பல் பெயிண்ட் கம்பெனி ஒன்று பணம் தர முன்வந்தது. மேலாளர் சபாநாயகம் கேட்டது சின்ன மாற்றம்தான். எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டாம். எங்கள் பெயிண்டில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தொட்டிகளைச் சுற்றி வந்தவர் கடைசித் தொட்டியின் முன் நின்றார்.

"இதுல என்ன?"

"வெறும் கல்லு சார். பெயிண்ட் அடிக்காதது."

"சும்மா கிடக்கிற கல்லுக்கு எதுக்குத் தம்பி கரண்டு? இதுலயும் நம்ம பெயிண்டை அடிச்சுப் போடுங்க."

இசக்கியப்பன் அடித்தான். கூடி வருவதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்தான். வெளியூர் போயிருந்த அவன் வழிகாட்டி, பேராசிரியை அமலோற்பவம், திரும்பியதும் ஓடிப்போய்ச் சொன்னான்.

"மேடம், பெயிண்ட் வேலை செய்யுது. குஞ்சு ரொம்பக் குறைச்சலாத்தான் ஒட்டியிருக்கு."

"எதைவிடக் குறைச்சல்?"

ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரே வெறும் கல்லுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டதை அவன் சொன்னான்.

அமலோற்பவம் திட்டவில்லை. மூலையில் கிடந்த உளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"போய் ஒரு கல்லு கொண்டா."

கரையிலிருந்து கல்லைச் சுமந்து வந்தான். அதில் ஒட்டியிருந்த பழைய கொட்டலசு ஓடுகளைச் சுரண்டினான். கை கழன்றுவிடும்போல் வலிக்கவே, ஒரு மூலையில் மட்டும் ஓட்டின் கறையை அப்படியே விட்டுவிட்டான். கல்லைக் கடைசித் தொட்டியில் வைத்து, எல்லாத் தொட்டிகளிலும் புதுக் குஞ்சுகளை விட்டான்.

சில நாள் கழித்துப் பார்த்தால், வெறும் கல்லிலும் அதே குறைச்சல்தான். பெயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கம்பெனி போய்விடும், தொட்டியும் போய்விடும்.

லென்ஸை நகர்த்திக்கொண்டே அந்த மூலைக்கு வந்தான். கறையின் மேல் குஞ்சுகள் தேர்த் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவன் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தான். பிறந்ததிலிருந்து அப்படியொரு சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை.

விஷயம் தெரிந்து சபாநாயகம் வந்துவிட்டார்.

"அந்த வெறும் கல்லு சமாச்சாரத்தை மட்டும் எழுதாதீங்க தம்பி."

"எழுதாம இருக்க முடியாது சார்."

பேசியது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"அப்ப பணம்?"

"வேண்டாம் சார்." லென்ஸை நீட்டினான். "இதை மட்டும் பாத்துட்டுப் போங்க."

சபாநாயகம் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏன் இந்த மூலையில மட்டும்?"

"தெரியல சார்."

"செத்த ஓட்டோட கறையில அப்படி என்ன இருக்கு?"

"அதைத்தான் சார் கண்டுபிடிக்கணும்."

லாபம் தவிர வேறெதையும் கேட்டறியாத மனிதர், ஏன் என்று கேட்கிறார். பட்டமே கைக்கு வந்துவிட்டதுபோல் இசக்கியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது.

சபாநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எழுதுங்க. தொட்டி ஓடுறதுக்கு நாங்க கொடுக்கிறோம். ஆனா விடை கிடைச்சா, எங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

இசக்கியப்பன், கதவருகே வந்து நின்ற அமலோற்பவத்தைப் பார்த்தான்.

"கொடுங்க சார்," என்றார் அவர். "ஊருக்குச் சொல்ற அன்னிக்கு உங்களுக்கும் சொல்றோம்."